பச்சிளங்குழந்தைக்கு ரத்தத்தில் தொற்று: வீட்டில் கண்டறிவது முதல் மருந்தை நிறுத்துவது வரை

பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்குக் கிருமித்தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்கும் என்று காத்திருப்பதுதான் முதல் தவறு. நிறைமாதக் குழந்தைக்குச் சில நேரம் உடம்பு சுடும். குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் சில்லிட்டுப் போவதே அதிகம். இருமல் இருக்காது, சளி இருக்காது, அழுகைகூட இருக்காது. ‘ரொம்ப சமத்தா தூங்குது’ என்று வீட்டில் சொல்லப்படும் குழந்தைதான் சில நேரம் ஆபத்தில் இருக்கும் குழந்தை.

கிருமி ரத்தத்தில் கலந்து உடல் முழுவதையும் பாதிக்கிற நிலையைத்தான் மருத்துவமனையில் செப்சிஸ் என்கிறார்கள். தொற்றை ஓரிடத்திலேயே அடக்கிவைக்கும் திறன் இந்த வயதில் குறைவு. தொப்புளிலோ நுரையீரலிலோ தொடங்கியது சில மணி நேரத்தில் ரத்தத்துக்கும் மூளையுறைக்கும் போய்விடலாம். ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த வழிகாட்டி குழந்தை போகும் வழியிலேயே போகிறது: வீடு, ஆரம்ப சுகாதார நிலையம், பெரிய மருத்துவமனை. வீட்டுப் பகுதி குடும்பத்தாருக்கு. மருந்தளவு வரும் பகுதிகள் செவிலியர்களுக்கும் இளம் மருத்துவர்களுக்கும் மட்டும். வீட்டில் எந்த ஆன்டிபயாட்டிக்கும் கொடுக்கக் கூடாது.

முன்பு எப்படி, இப்போது எப்படி

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி நடத்தும் ‘சர்ச்’ (SEARCH) அமைப்பு, 1990-களில் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பச்சிளங்குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்க வைத்தது. பச்சிளங்குழந்தை மரணம் 62% குறைந்ததாக 1999-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. செப்சிஸைக் கண்டுபிடிக்க அங்கே உருவான பட்டியலில் ஏழு அறிகுறிகள். அவற்றில் ஏதாவது இரண்டு ஒரே நேரத்தில் தெரிந்தால் சிகிச்சை தொடங்க வேண்டும். பட்டியலின் மூன்று வரிகள் ஒரே மாதிரியானவை: நன்றாக அழுத குழந்தையின் அழுகை பலவீனமாகிறது அல்லது நின்றுபோகிறது, நன்றாகக் குடித்த குழந்தை குடிப்பதைக் குறைக்கிறது அல்லது நிறுத்துகிறது, விழிப்பாக இருந்த குழந்தை துவண்டுபோகிறது. மற்ற நான்கு: உடல் வெப்பம் 99 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் அல்லது 95-க்குக் கீழ், தோலில் அல்லது தொப்புளில் சீழ், வயிற்றுப்போக்கு அல்லது நிற்காத வாந்தி அல்லது வயிறு உப்பல், முனகல் அல்லது நெஞ்சு கடுமையாக உள்வாங்குவது.

அந்த மூன்று வரிகளுக்கும் கருவி எதுவும் தேவையில்லை. குழந்தையை நேற்றும் பார்த்த ஒருவர் இருந்தால் போதும். அதனால்தான் தாயோ பாட்டியோ ‘இது எப்பவும்போல இல்ல’ என்று சொன்னால், பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்த வார்த்தையைக் குறிப்பேட்டில் எழுதி, குழந்தையை அங்கேயே வைத்துக் கவனிக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

வீட்டில் பார்க்கும் முறை

பால் குடிப்பதைச் சோதிக்க: துணிச் சுற்றைப் பிரியுங்கள், டயப்பரை மாற்றுங்கள், உள்ளங்காலைத் தேய்த்து எழுப்புங்கள், மார்பில் போடுங்கள். வெறும் தூக்கக் கலக்கமாக இருந்தால் இந்த வேலைக்குள் விழித்துச் சப்பத் தொடங்கிவிடும். வாயில் வைத்தும் பிடிக்கவில்லை, பிடித்தும் இரண்டு மூன்று இழுப்பில் விட்டுவிடுகிறது, பீய்ச்சிய பாலைச் சங்கில் ஊற்றினாலும் கடைவாயில் வழிகிறது என்றால் அது தூக்கம் அல்ல. ஒருநாளில் 8 முதல் 12 முறை குடிப்பதும், முதல் வாரம் முடியும்போது ஆறு முறையாவது சிறுநீர் போவதும் சாதாரணம்.

அசைவைப் பார்க்க: குழந்தையைத் தொடாமல் ஒரு நிமிடம் கவனியுங்கள். கை, கால் தானாக அசைய வேண்டும். உள்ளங்காலில் சுண்டினால் மட்டும் அசைந்துவிட்டு மறுபடி அடங்கிப்போவதும், தூக்கினால் கை கால் துணிபோலத் தொங்குவதும் ஆபத்து.

வெப்பத்தைப் பார்க்க: டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து, கையை உடம்போடு அணைத்துப் பிடித்து, ஒலி வரும்வரை காத்திருங்கள். 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் சரியான அளவு. 37.5-ஐத் தாண்டினால், அதாவது 99.5 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் ஆனால், முதலில் போர்வையை விலக்கி, காற்றோட்டமான இடத்தில் வைத்து, அரை மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். சித்திரை வெயிலில் கம்பளி சுற்றிய குழந்தைக்கு உடம்பு சுடுவது இயல்பு. இந்த அரை மணி அவகாசம் வேறெந்த அறிகுறியும் இல்லாத, நன்றாகக் குடிக்கும் குழந்தைக்கு மட்டும்தான். 38-ஐத் தாண்டினாலோ 35.5-க்குக் கீழே போனாலோ காத்திருக்காதீர்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் புறங்கையால் வயிற்றையும் உள்ளங்காலையும் தொடுங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடு, கால் சில் என்றால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது. இரண்டுமே சில்லென்று இருந்தால் உடல் வெப்பம் இறங்கிவிட்டது.

மூச்சை எண்ண: குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது. பச்சிளங்குழந்தை வேகமாக மூச்சுவிட்டு, ஐந்து முதல் பத்து வினாடி நிறுத்தி, மறுபடி தொடங்கும், அது இயல்பே. ஆகவே கால் நிமிடக் கணக்கு ஏமாற்றும். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். மறுபடியும் 60-க்கு மேல் என்றால் கிளம்ப வேண்டியதுதான். மூச்சு 20 வினாடிக்கு மேல் நிற்பது, மூக்குத் துவாரம் விரிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் ‘ம்ம்’ என்று முனகுவது, விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது ஆகியவற்றுக்கு எண்ணிக்கையே தேவையில்லை.

வலிப்பு பெரியவர்களைப்போல வராது. கண் ஒரே பக்கம் நிலைகுத்துவது, பால் இல்லாமலே வாயைச் சப்புவது, சைக்கிள் மிதிப்பதுபோலக் காலை ஆட்டுவது, கை ஒன்று மட்டும் விட்டுவிட்டு வெட்டுவது என்று வரும். வெறும் நடுக்கமா வலிப்பா என்ற சந்தேகம் வந்தால் ஆடும் கையை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். நடுக்கம் நின்றுவிடும், வலிப்பு பிடித்த கைக்குள்ளும் தொடரும்.

இவை தவிர உச்சிக்குழி புடைப்பது, தொப்புளைச் சுற்றிய தோலில் சிவப்பு பரவுவது, பத்துக்கு மேல் சீழ்க்கொப்புளங்கள் அல்லது ஒரு பெரிய கட்டி, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், பச்சை நிற வாந்தி, தோல் திட்டுத்திட்டாக வெளிறுவது ஆகியவையும் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டியவை.

பயப்பட வேண்டாதவையும் உண்டு: இரண்டாம் மூன்றாம் நாளில் கொசுக்கடிபோல வந்துபோகும் சிவந்த தடிப்பு, விக்கல், தும்மல், பால் குடித்தபின் கொஞ்சம் கக்குவது, மார்பு வீங்குவது, பெண்குழந்தைக்கு முதல் வாரத்தில் சிறிது உதிரம் படுவது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை நாளுக்குப் பலமுறை மஞ்சளாக, தளர்வாக மலம் கழிப்பதும் வயிற்றுப்போக்கு அல்ல. இவற்றோடு குழந்தை நன்றாகக் குடிக்கிறதா என்பதே கேள்வி.

நேரத்தைத் தின்னும் விளக்கங்கள்

குழந்தை குடிக்கவில்லை என்றதும் ‘உரம் விழுந்திருக்கு’ என்று சேலையில் போட்டு உருட்டுவதும், ‘தொக்கம் இருக்கு’ என்று வயிற்றை நீவ அழைத்துப்போவதும், தோஷம் என்று கயிறு கட்டுவதும் நம் ஊரில் சகஜம். கயிறு கட்டுவதால் கெடுதல் வராது. கட்டப் போய்வரும் நேரத்தால் வரும். மற்றவை நேரடியாகவே கெடுதல். துவண்ட குழந்தையை உருட்டினால் மூச்சு நிற்கலாம். வாயில் விளக்கெண்ணெய், வசம்பு, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகலாம். மூக்கில் வாய்வைத்து ஊதுவது, உறிஞ்சுவது எல்லாம் பெரியவர்களின் வாய்க்கிருமியைக் குழந்தைக்குக் கொடுப்பது. பெரியவர்களிடம் சண்டை போட வேண்டாம். ‘முதல்ல ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துடுவோம் பாட்டி, அப்புறம் கயிறு கட்டலாம்’ என்றால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

யாரைக் கூடுதலாகக் கவனிப்பது

பிறந்து 72 மணி நேரத்துக்குள் வரும் தொற்று பெரும்பாலும் தாயிடமிருந்தோ பிரசவத்தின்போதோ வந்தது. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகிப் பிறந்தது, பனிக்குட நீரில் துர்நாற்றம், பிரசவத்தை ஒட்டித் தாய்க்குக் காய்ச்சல், 24 மணி நேரத்துக்கு மேல் நீண்ட பிரசவ வலி, திரும்பத் திரும்ப உள்பரிசோதனை, 37 வாரத்துக்கு முன் பிறந்தது, 2.5 கிலோவுக்குக் குறைந்த எடை, பிறந்ததும் அழாமல் மூச்சுக்குச் சிரமப்பட்டது ஆகியவை ஆபத்தைக் கூட்டும். துர்நாற்றமுள்ள நீர் என்ற ஒன்றே தொற்றைச் சந்தேகிக்கத் தனியாகப் போதும். மற்றவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் ஆபத்து அதிகம். 72 மணிக்குப் பிறகு வருவது சுற்றுப்புறத்திலிருந்து, அதாவது கையிலிருந்து, தொப்புளிலிருந்து, டிரிப்ஸ் ஊசியிலிருந்து, பால்புட்டியிலிருந்து வருவது.

மேலைநாட்டுப் பாடப்புத்தகங்களில் முதலிடம் பிடிக்கும் ‘குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ கிருமி இந்திய மருத்துவமனைகளில் குறைவு. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 13,530 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2016-இல் வெளியான ஆய்வில் அசினெடோபாக்டர் 22%, கிளெப்சியெல்லா 17%, ஈ.கோலி 14% என்று முன்னே நின்றன. முதல் மூன்று நாள் தொற்றிலும் இதே கிருமிகள்தான், பலவும் மருந்துகளுக்கு அடங்காதவை. அந்த முதல் மூன்று நாள் தொற்றிலும் ஒரு பங்கு பிரசவ அறையிலிருந்து வருவதாகச் சந்தேகிக்க இதுவே காரணம்.

கிளம்பும்போது

108-ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை சிகிச்சைக்கும் போக்குவரத்துக்கும் ஜே.எஸ்.எஸ்.கே. என்ற மத்திய அரசுத் திட்டத்தில் கட்டணம் இல்லை. எங்கே போவது என்பதையும் முதலிலேயே கேட்டு முடிவுசெய்யுங்கள். எஸ்.என்.சி.யு. எனப்படும் பச்சிளங்குழந்தை சிறப்புப் பிரிவு இருக்கும் மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் சரியான இடம். மூன்று கிளினிக் ஏறி இறங்கினால் மூன்று மணி நேரம் போய்விடும்.

வழியில் சூடு இறங்கக் கூடாது. டயப்பர், தொப்பி, காலுறை மட்டும் போட்டு, தாயின் அல்லது தந்தையின் வெற்றுமார்பில் நிமிர்த்திப் படுக்கவைத்து, மேலே போர்வை போர்த்துங்கள். முகம் ஒருபக்கம் திரும்பி மூக்கு தெரிய வேண்டும். வெந்நீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைக்காதீர்கள், தோல் வெந்துபோகும். விழித்திருந்து விழுங்குகிற குழந்தைக்கு மட்டும் தாய்ப்பால். துவண்டிருந்தால், வலிப்பு இருந்தால், மூச்சு வாங்கினால் வாய்வழி எதுவும் வேண்டாம். பிரசவச் சீட்டு, தடுப்பூசி அட்டை, ஏற்கெனவே கொடுத்த மருந்துப் பெட்டி ஆகியவை கையில் இருக்கட்டும். தாயும் கூடவே போக வேண்டும். அவரது பால் அங்கே தேவைப்படும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் அரை மணி

வரிசை முக்கியம். மூச்சு, சூடு, சர்க்கரை, ஆன்டிபயாட்டிக், அனுப்புவது. பரிசோதனை முடிவுக்காக இதில் எதையும் நிறுத்திவைக்கக் கூடாது.

மூச்சு நின்றால் முதுகைத் தடவித் தூண்டுங்கள். வராவிட்டால் பை-முகமூடியால் மூச்சு கொடுங்கள். ஆக்சிமீட்டரில் 90-க்குக் கீழே இருந்தால் மூக்குக்குழாய் வழியே நிமிடத்துக்கு அரை முதல் ஒரு லிட்டர் ஆக்சிஜன். இலக்கு 90 முதல் 95. குறைமாதக் குழந்தைக்கு 100 காட்டும்வரை ஆக்சிஜனை ஏற்றினால் விழித்திரை கெடலாம்.

குழந்தையை வார்மரில் (சூடேற்றும் படுக்கையில்) அல்லது தாயின் மார்பில் வைத்துக்கொண்டே குதிகாலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். டெசிலிட்டருக்கு 45 மி.கி.-க்குக் கீழே என்றால் 10% டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மி.லி. சிரையில் மெதுவாக. 2.8 கிலோ குழந்தைக்கு 5.6 மி.லி. பிறகு அதே 10% டெக்ஸ்ட்ரோஸ் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 6 மி.கி. கணக்கில், இந்தக் குழந்தைக்கு மணிக்குச் சுமார் 10 மி.லி. மைக்ரோ டிரிப் செட்டில் 60 சொட்டு ஒரு மி.லி. ஆதலால் மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. இங்கே நிமிடத்துக்கு 10 சொட்டு. அவசரத்தில் பெரியவர்களின் செட்டை மாட்டினால் அதே பத்துச் சொட்டு மூன்று நான்கு மடங்கு திரவத்தை உள்ளே விடும். சிரை கிடைக்கவில்லை என்றால் வயிற்றுக்குழாய் வழியே பீய்ச்சிய பால் கொடுத்துவிட்டு அனுப்புங்கள்.

அடுத்து முதல் டோஸ். அனுப்பும் இடம் ஒரு மணி நேரத் தொலைவு என்றாலும் போட்டுவிட்டே அனுப்ப வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு: ஆம்பிசிலின் கிலோவுக்கு 50 மி.கி., முதல் வாரத்தில் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, பிறகு 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஜென்டாமைசின் நாளுக்கு ஒருமுறை. முதல் வாரத்தில் 2.5 கிலோவுக்குக் குறைந்தால் கிலோவுக்கு 3 மி.கி., அதற்கு மேல் 5 மி.கி.; இரண்டாம் வாரத்திலிருந்து 7.5 மி.கி. உங்கள் பிரிவின் எழுத்து நெறிமுறை வேறு அளவு சொன்னால், குறிப்பாக 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு ஜென்டாமைசின் இடைவெளியில், அதையே பின்பற்றுங்கள். முதிராத சிறுநீரகம் மருந்தை மெதுவாக வெளியேற்றும்; இடைவெளி குறைந்தால் செவியும் சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

மூன்று நாள் வயது, 2.8 கிலோ என்று வைத்துக்கொண்டால் கணக்கு இது. ஆம்பிசிலின் 140 மி.கி.; 500 மி.கி. குப்பியைக் கரைத்து மொத்த அளவு 5 மி.லி. ஆக்கினால் ஒரு மி.லி.யில் 100 மி.கி., எடுக்க வேண்டியது 1.4 மி.லி. ஜென்டாமைசின் 14 மி.கி.; 2 மி.லி.யில் 80 மி.கி. இருக்கும் குப்பியில் ஒரு மி.லி.க்கு 40 மி.கி., எடுக்க வேண்டியது 0.35 மி.லி.

தவறு நடப்பது பெரும்பாலும் இந்த 0.35-இல்தான். பெரியவர்களுக்கான குப்பியிலிருந்து எடுக்கும்போது புள்ளி இடம்மாறினால் 3.5 மி.லி., பத்து மடங்கு. ஒரு மி.லி.க்கு 10 மி.கி. உள்ள குழந்தைகள் குப்பியும் சந்தையில் உண்டு. இரண்டும் ஒரே தட்டில் இருந்தால் குழப்பம் நிச்சயம், ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்சில்தான் எடுக்க வேண்டும். இன்சுலின் சிரிஞ்சில் யூனிட் கோடுகள் இருக்கும், அதிலும் 40, 100 என்று இரண்டு வகை, அது வேண்டாம். இரண்டாவது ஆள் ஒருவர் சத்தமாகக் கணக்கைப் படித்துச் சரிபார்க்கட்டும். இரண்டு மருந்தையும் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. ஆம்பிசிலின் ஜென்டாமைசினைச் செயலிழக்கச் செய்யும். தசையில் போட்டால் தொடையின் முன்-வெளிப்பக்க நடுவில், பிட்டத்தில் அல்ல.

செஃப்ட்ரியாக்சோனைக் கை நீட்டி எடுக்கும் பழக்கத்தை விட வேண்டும். அது மஞ்சள் நிறமியை ரத்தப்புரதத்திலிருந்து பிரித்து மூளைக்கு அனுப்பக்கூடியது. கால்சியம் ஏறும் டிரிப்ஸோடு சேர்ந்தால் படிகமாகி அடைக்கும். மூன்றாம் தலைமுறைச் செஃபலோஸ்போரின் மருந்துகளை முதலிலேயே கொட்டினால் அடங்காத கிருமிகளும் காளான் தொற்றும் அந்தப் பிரிவிலேயே குடியேறும்.

வலிப்பு இருந்தால் முதலில் சர்க்கரையைச் சரிசெய்து, பிறகு ஃபீனோபார்பிட்டோன் கிலோவுக்கு 20 மி.கி., 20 நிமிடத்தில் மெதுவாக. பிறந்தபோது போடாமல் விட்டிருந்தால் வைட்டமின் கே 1 மி.கி.

குறிப்புச் சீட்டில் நோயின் பெயரைவிட நேரங்கள் முக்கியம்: எப்போது கடைசியாகக் குடித்தது, எப்போது முதல் டோஸ், எந்த மருந்து, எத்தனை மி.கி., சர்க்கரை எவ்வளவு, வெப்பம் எவ்வளவு. போய்ச்சேரும் இடத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

குடும்பம் பெரிய மருத்துவமனைக்குப் போகவே முடியாது என்று மறுத்தால் சும்மா அனுப்பிவிடக் கூடாது. இதற்காகவே 2015-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு மாற்றுவழியை வகுத்தது: தினமும் ஒரு ஜென்டாமைசின் ஊசி, கூடவே அமாக்சிசிலின் கிலோவுக்கு 50 மி.கி. நாளுக்கு இருமுறை வாய்வழி, ஏழு நாள். பயிற்சி பெற்ற செவிலியர் தினமும் குழந்தையைப் பார்க்க முடிந்தால் மட்டுமே இது. சற்றும் குடிக்காத, வலிப்பு வந்த, நினைவிழந்த, மூச்சு நின்ற குழந்தைக்கு இது போதாது. அங்கே குடும்பத்தைச் சம்மதிக்க வைப்பதுதான் வேலை.

பெரிய மருத்துவமனையில்

ரத்த கல்ச்சர், அதாவது ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கான ரத்தத்தை, ஆன்டிபயாட்டிக்குக்கு முன் எடுக்க வேண்டும், ஆனால் ரத்தம் கிடைக்கவில்லை என்று ஒரு மணி நேரம் குத்திக்கொண்டிருக்கக் கூடாது. புதிதாகக் குத்திய சிரையிலிருந்து 1 மி.லி. ஏற்கெனவே போட்டிருக்கும் வென்ஃப்ளானிலிருந்து (டிரிப்ஸ் ஊசிக்குழாய்) எடுத்தால் தோல்கிருமி வளர்ந்து, இல்லாத நோய்க்கு இரண்டு வாரம் மருந்து போகும். தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, பொவிடோன் அயோடின் தடவி, ஒரு நிமிடமாவது தானாகக் காயவிட்டு, மீண்டும் ஸ்பிரிட். காயும்வரை காத்திருக்காததுதான் பொய் முடிவுக்கு முக்கியக் காரணம். பாட்டில் மூடியையும் துடைக்க வேண்டும். பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பத் தாமதமானால் அறை வெப்பத்திலேயே வையுங்கள், ஃபிரிட்ஜில் வேண்டாம்.

செப்சிஸ் ஸ்கிரீன் என்பது ஐந்து சோதனைகளின் கூட்டு. மொத்த வெள்ளணுக்கள் 5,000-க்குக் கீழ், நியூட்ரோஃபில் எண்ணிக்கை வயதுக்கான அளவைவிடக் குறைவு, முதிராத அணுக்களின் பங்கு 0.2-க்கு மேல், சி.ஆர்.பி. (அழற்சியின்போது ரத்தத்தில் ஏறும் புரதம்) லிட்டருக்கு 10 மி.கி.-க்கு மேல், மைக்ரோ ஈ.எஸ்.ஆர். முதல் மணி நேரத்தில் 15 மி.மீ.-க்கு மேல். இவற்றில் இரண்டு இருந்தால் பாசிட்டிவ். இதன் உண்மையான பயன் நோயை உறுதிசெய்வதில் இல்லை, இல்லை என்று சொல்வதில்தான். நோய் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே சி.ஆர்.பி. ஏறும், முதல் முடிவு சரியாக இருந்தால் 12 முதல் 24 மணியில் திரும்பப் பாருங்கள். கடினமான பிரசவத்திலும், மலம் கலந்த நீர் நுரையீரலுக்குள் போன குழந்தைக்கும் சி.ஆர்.பி. தொற்று இல்லாமலே ஏறும். துவண்ட குழந்தையைப் பார்த்தபிறகு ‘ஸ்கிரீன் நெகட்டிவ்’ என்று சிகிச்சையைத் தள்ளிப்போட இந்தச் சோதனை ஒருபோதும் உதவாது.

முதுகுத் தண்டுநீர் எடுப்பதைக் குடும்பமும் இளம் மருத்துவர்களும் தவிர்க்கப் பார்ப்பார்கள். மூன்று நாளுக்குப் பிறகு வந்த செப்சிஸ், அறிகுறியுள்ள முதல் மூன்று நாள் செப்சிஸ், கல்ச்சரில் கிருமி வளர்ந்தது ஆகிய மூன்றிலும் எடுக்க வேண்டும். உச்சிக்குழி சாதாரணமாக இருப்பது மூளையுறைத் தொற்று இல்லை என்பதற்குச் சான்று அல்ல. ஏழு நாளில் நிறுத்துவதா 21 நாள் கொடுப்பதா என்பது இந்த ஒரு சோதனையில் இருக்கிறது. ரத்த ஓட்டம் குறைந்த அதிர்ச்சி நிலையில் (ஷாக்) இருந்தால் தேறியபின் எடுக்கலாம், மருந்தை நிறுத்திவைக்க வேண்டாம்.

நெஞ்செலும்பின் மேல் ஐந்து வினாடி அழுத்தி எடுத்து, நிறம் திரும்ப மூன்று வினாடிக்கு மேல் ஆனால், நாடி வேகமாகவும் பலவீனமாகவும் இருந்தால் அதிர்ச்சி. நார்மல் சலைன் கிலோவுக்கு 10 மி.லி., 20 முதல் 30 நிமிடத்தில், 2.8 கிலோவுக்கு 28 மி.லி. ஒருமுறை திரும்பக் கொடுத்தும் தேறாவிட்டால் இன்னும் திரவத்தைக் கொட்டாமல், இதயத்துக்கும் ரத்தநாளத்துக்குமான மருந்துகளை பம்ப்பில் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கல்லீரல் இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இறங்கினால் திரவம் அதிகமாகிவிட்டது. சில்லிட்ட குழந்தைக்குக் கால் வெளிறி நிறம் திரும்பத் தாமதமாகும் என்பதால் சூடாக்கிவிட்டு மறுபடி பார்க்கவும் வேண்டும்.

சிரைவழி இம்யூனோகுளோபுலின் (நோயெதிர்ப்புப் புரத மருந்து) கேட்டுக் குடும்பங்கள் கடன் வாங்குவது இன்னும் நடக்கிறது. 2011-இல் 3,493 குழந்தைகளை வைத்து நடந்த ‘இனிஸ்’ ஆய்வில் மரணமோ ஊனமோ அதனால் குறையவில்லை. அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

பால் நிறுத்துவது எப்போதும் தேவையில்லை. அதிர்ச்சி, வயிறு உப்பல், பித்தவாந்தி, அடிக்கடி வலிப்பு இல்லையென்றால் வயிற்றுக்குழாய் வழியே தாய்ப்பாலைக் குறைந்த அளவில் தொடங்கலாம். தாய் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் சேர்த்துப் பீய்ச்ச வேண்டும். விட்டால் குழந்தை தேறும் நேரத்தில் பால் வற்றியிருக்கும்.

எப்போது நிறுத்துவது

தொடங்குவதற்கு இருக்கும் துணிச்சல் நிறுத்தவும் வேண்டும். குழந்தை நன்றாக இருக்கிறது, ஸ்கிரீன் நெகட்டிவ், கல்ச்சரில் 48 முதல் 72 மணி நேரத்தில் ஒன்றும் வளரவில்லை என்றால் அன்றே நிறுத்துங்கள். கல்ச்சர் நெகட்டிவ், ஆனால் அறிகுறிகள் செப்சிஸ்தான் என்று உறுதியாகச் சொன்னால் 5 முதல் 7 நாள். கிருமி வளர்ந்தால் 10 முதல் 14 நாள். மூளையுறைத் தொற்றுக்கு 21 நாள். எலும்பு, மூட்டுத் தொற்றுக்கு 4 முதல் 6 வாரம். கல்ச்சர் முடிவு வந்ததும், கிருமி அடங்கும் மருந்துகளில் மிகக் குறுகிய வீச்சு கொண்டதற்கு, அதாவது குறைந்த வகைக் கிருமிகளை மட்டும் தாக்குவதற்கு, மாற வேண்டும். ‘நல்லாத்தானே போகுது, மெரோபெனத்தையே தொடரலாம்’ என்பது அடுத்த கட்டில் படுக்கும் குழந்தைக்குச் செய்யும் துரோகம்.

48 மணி நேரத்தில் தேறவில்லை என்றால் மருந்தை உயர்த்தும்முன் வேறு கேள்விகளைக் கேளுங்கள். டோஸ் சரியா, சீழ் எங்காவது தேங்கியிருக்கிறதா, காளான் தொற்றா, இதயக் குறைபாடா, குடல் முறுக்கா, வளர்சிதைமாற்ற நோயா? பிறந்த சில நாளில் துவளும் குழந்தை எல்லாமே செப்சிஸ் அல்ல.

தடுப்பதில் நடக்கும் சறுக்கல்கள்

தொப்புளில் எதுவும் வைக்காமல் காயவிடுவதே மருத்துவமனைப் பிரசவத்துக்குப் போதுமானது. மஞ்சள், சாம்பல், எண்ணெய், பவுடர் வேண்டாம். டயப்பரைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். முதல் குளியல் 24 மணி நேரம் கழித்து. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். அதற்குமுன் சேனை என்று எதையும் நாக்கில் தடவ வேண்டாம். சங்கு, கிண்ணம், ஸ்பூன் எதுவானாலும் ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கழுவிக் கொதிக்க வையுங்கள்.

சிகிச்சைப் பிரிவுக்குள் நோய் பரப்பும் பொருள்களில் கை முதலிடம். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றி, முழங்கைவரை சோப்புப் போட்டு 40 முதல் 60 வினாடி கழுவ வேண்டும். ஒவ்வொரு குழந்தையைத் தொடும் முன்னும் பின்னும் கைத்தேய்ப்புத் திரவம். அடுத்தது டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில். ஒரு பாட்டிலில் ஊசியைக் குத்திவைத்துவிட்டு நாள் முழுக்கப் பல குழந்தைகளுக்கு எடுப்பதால் கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் அந்தச் சர்க்கரைநீரில் பெருகி, ஒரே வாரத்தில் பிரிவு முழுவதும் பரவும். ஒரு குழந்தைக்கு ஒரு பாட்டில், 24 மணியில் வெளியே. வென்ஃப்ளானைத் தேவை முடிந்த அன்றே எடுத்துவிடுங்கள். ஆக்சிஜன் ஈரப்பதக் குடுவையில் தினமும் தண்ணீர் மாற்றுவது, உறிஞ்சுகுழாயை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தாதிருப்பது என்ற சின்ன வேலைகளுக்கு ஒருவர் பெயரைப் போட்டு எழுதிவைத்தால்தான் நடக்கும்.

வீட்டுக்கு அனுப்பும்முன்

குழந்தை வாயால் நன்றாகக் குடித்து எடை ஏற வேண்டும். 24 மணி நேரமாவது வார்மர் இல்லாமல் சூடு நிலைக்க வேண்டும். நோய்வாய்ப்பட்டதால் தள்ளிப்போன பி.சி.ஜி., போலியோ, மஞ்சள்காமாலைத் தடுப்பூசிகளைப் போட்டுவிட்டு அனுப்புங்கள். பிறந்தபோது கொடுக்கும் போலியோ சொட்டுமருந்து 15 நாள்வரைதான். ஜென்டாமைசின் அல்லது அமிகாசின் பெற்ற, அல்லது மூளையுறைத் தொற்று வந்த குழந்தைக்கு மூன்று மாதத்துக்குள் செவித்திறன் சோதனை முடிய வேண்டும். 34 வாரத்துக்கு முன் அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்திருந்தால் 30 நாளுக்குள் விழித்திரைச் சோதனை; செப்சிஸ் வந்த குழந்தைக்கு விழித்திரை பாதிப்பு வாய்ப்பு இன்னும் அதிகம். இந்தத் தேதிகளை டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசியில் அல்ல, மேலேயே பெரிய எழுத்தில் எழுதி, கிராம சுகாதார செவிலியரின் வீட்டுப் பார்வைக் குறிப்பேட்டிலும் சேர்த்துவிடுங்கள். மூளையுறைத் தொற்று வந்திருந்தால் ஒவ்வொரு மாதமும் தலைச்சுற்றளவை அளந்து அட்டையில் குறிக்க வேண்டும். திடீரென்று கோடு தாண்டி ஏறினால் அன்றே தலை ஸ்கேன்.